கூலி ஏறுகிறது, ரேட் அப்படியே: பிளேட்டிங் பட்டறைக்கு இன்னொரு கடனா?

கேள்வி: நிக்கல்-குரோம் பிளேட்டிங் (உலோக முலாம்) பட்டறை நடத்துகிறேன். ஐந்து ஆண்டுக்கு முன் 100-க்குப் பில் போட்டால் கூலி 40, மற்ற செலவு 50, லாபம் 10. அன்றிலிருந்து கூலி ஆண்டுக்கு 8% ஏறுகிறது. வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்று கிலோ ரேட்டை ஏற்றவில்லை. சம்பள நாளில் வங்கி ஓவர் டிராஃப்ட் கடனில் எடுக்கிறேன். மைத்துனர், உருப்படியைத் தொட்டிக்குத் தொட்டி தானே தூக்கி வைக்கும் ஆட்டோமேட்டிக் லைன் போடச் சொல்கிறார். கடனில் பாதியை அவர் ஏற்பாராம், பதிலுக்குப் பங்கு வேண்டுமாம். தவணை 100 பில்லுக்கு 9 வரும். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். உங்கள் நோய் மெஷினில் இல்லை, ஓவர் டிராஃப்டில் சம்பளம் போடும் பழக்கத்தில் இருக்கிறது.

கூலி 40, எட்டு சதவீதம் வீதம் ஐந்து ஆண்டில் சுமார் 59. மற்றவை ஏறவே இல்லை என்று தாராளமாக வைத்தாலும் 50. ஆக, 100 வாங்க 109 செலவு. இந்த 9-ஐ மாதாமாதம் கடனில் ஈடுகட்டினால் வருடத்துக்கு 108, வட்டி தனி. அதாவது ஒரு மாதத்து முழு பில்லுக்கும் மேல் கடனாகிவிடுகிறது.

லைன் என்ன மிச்சம் பிடிக்கும்? 40 உருப்படி கொண்ட ஒரு ஜிக்கை (உருப்படிகளை மாட்டித் தொட்டியில் இறக்கும் சட்டம்) எடுங்கள். பாலிஷ், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 60 நிமிடம். ஜிக்கில் மாட்ட 4, கழற்றித் துடைக்க 3. தொட்டிக்குத் தொட்டி தூக்கி வைக்கும் ஆளின் பங்கு 6 இருக்கலாம். லைன் தொடுவது இந்த 6-ஐ மட்டும்தான், 73-ல் 8%. கூலி 59-ல் 5 கூட மிஞ்சாது, தவணையோ 9. மேலே மைத்துனர் பங்கு வேறு! விற்பவர் ஓட்டிக் காட்டும் வீடியோவில் பாலிஷ் மோட்டார் முன்னால் நிற்கும் ஆட்கள் வருவதே இல்லை. உங்கள் நிமிடங்களை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

கிலோ ரேட்தான் உங்களை ஏமாற்றுகிறது. பள்ளம் நிறைந்த 100 கிராம் உருப்படியும் தட்டையான 100 கிராம் உருப்படியும் உங்களுக்கு ஒரே விலை. பாலிஷ் நேரமோ இரண்டு மூன்று மடங்கு வித்தியாசப்படும். ஜிக் நிமிடத்தை வைத்து ரேட் போடுங்கள். நிக்கல் விலை ஏறினால் கூடுதல் கேட்பது இந்தத் தொழிலில் பழகிய விஷயம். அதே ரேட் சீட்டில் கூலிக்கும் ஒரு வரி சேருங்கள்: ஆண்டுக்கு ஒரு முறை திருத்தம். இன்றைய 59-க்கு 8% கிட்டத்தட்ட 5. எனவே இப்போது 10 ஏற்றுங்கள், அடுத்த ஆண்டிலிருந்து வருடம் 5 கேளுங்கள். மறுப்பவரின் வேலைகளில் நிமிடத்துக்கு வரவு குறைந்ததை முதலில் விடுங்கள். அந்த வேலை போனால் ஆள் எண்ணிக்கையும் கூடவே குறைய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஓடாது.

ரீவொர்க்கையும் எண்ணுங்கள். உரிந்து திரும்பும் உருப்படிக்குக் குரோமும் நிக்கலும் நீக்கி, மறுபடி பாலிஷ், மறுபடி மாட்டல் என்று கூலி இரட்டிக்கிறது. பெரும்பாலும் பாலிஷ் போடும்போது பூசும் பஃபிங் சோப்பு பள்ளத்தில் ஒட்டிப் போகாததே காரணம். கழுவி எடுத்த உருப்படியில் தண்ணீர் படலமாக நிற்காமல் துளித்துளியாக உடைந்தால் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். அதைத் தொட்டிக்கு விடாதீர்கள். 100 உருப்படிக்கு 6 திரும்புவதை 3 ஆக்கினாலே கூலியில் சுமார் 2 மிஞ்சும்.

ரேட் 10, இது 2, பழைய நஷ்டம் 9 போக 3 கையில் நிற்கும். அது ஓவர் டிராஃப்டை அடைக்கட்டும். மைத்துனரிடம் அடுத்த ஆண்டுக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். அப்போதும் கேட்க வேண்டியது பாலிஷ் மெஷின் விலை, லைன் விலை அல்ல.