விடுகைப் பத்திரத்துக்குக் கடிதம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: என் தங்கையின் மகன் தரம் 9 இல் படிக்கிறான், வயது 14. தகப்பன் இல்லை. தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். மீன் படும் காலத்தில் பிள்ளை கரைவலை இழுக்கப் போய்விடுவதால் கிழமையில் இரண்டு மூன்று நாட்கள் பாடசாலைக்குப் போவதில்லை. போகும் நாட்களிலும் சண்டை பிடிக்கிறான் என்று முறைப்பாடு வருகிறது. இரண்டு கிழமைக்கு முன்னர் ஓர் ஆசிரியர் தடியால் அடித்து முதுகில் தழும்பு விழுந்துவிட்டது. கேட்கப் போன என்னிடம் அதிபர், “இவனை வைச்சுக்கொண்டு ஓ.எல். றிசல்ட் காட்டேலாது, நீங்களே ஒரு கடிதம் தந்து விடுகைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போங்கோ” என்கிறார். பாடசாலைகளைக் கேள்வி கேட்க அரசாங்கத்தில் ஒருவரும் இல்லையா? முறையிட்டால் பிள்ளைக்குத்தான் இன்னும் கரைச்சலாகுமோ என்றும் பயமாக இருக்கிறது.
— பெரியம்மா ஒருவர், வடமராட்சி கிழக்கு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை விலக்கிக்கொள்வதாக எந்தக் கடிதமும் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் எழுதிவைத்திருக்கும் கடிதத்தில் கையொப்பமும் இடாதீர்கள். அந்த ஒரு தாள் பாடசாலையின் கோப்பில் ஏறிவிட்டால், பாதுகாவலரின் வேண்டுகோளின்படி மாணவன் விலகினான் என்பதே எழுத்தில் நிற்கும். அதன் பின்னர் கோட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து எவர் வந்து இடாப்பைப் புரட்டினாலும் அங்கே ஒரு குறையும் தென்படாது. அதிபர் தாமே பிள்ளையை நீக்குவதானால் அதற்கான காரணத்தை எழுதவேண்டும், அந்தக் காரணத்துக்கு மேலதிகாரிகளிடம் பொறுப்பும் சொல்லவேண்டும். உங்களிடம் கடிதம் கேட்கப்படுவது அந்தப் பொறுப்பிலிருந்து நழுவுவதற்கே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் இங்கே பிள்ளையின் பக்கம் நிற்கிறது. கட்டாயக் கல்விக்குரிய வயது முன்னர் 5 முதல் 14 வரை என்றிருந்து, 2016 ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலின் பின்னர் 16 வரை உயர்த்தப்பட்டது. ஆகவே உங்கள் பிள்ளை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் பாடசாலையில் இருந்தே ஆகவேண்டிய பிள்ளை. அவனை அனுப்பவேண்டிய கடமை வீட்டாருக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அனுப்பு என்று குடும்பத்தைக் கட்டாயப்படுத்தும் அதே அரசின் பாடசாலை, கூட்டிக்கொண்டு போ என்று சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது.

அடித்த விடயத்தை இதனோடு கலக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்குக் காலக்கெடு இருக்கிறது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இல் சுற்றுநிருபம் வெளியிட்டது. 2016 இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. ஆசிரியர் ஒருவர் மாணவனின் காதில் அறைந்த வழக்கொன்றில், அது அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரையை, அதாவது எவரும் கொடூரமான அல்லது இழிவான முறையில் நடத்தப்படலாகாது என்ற அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை மனுவை நிகழ்வு நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. உங்களிடம் இன்னும் இரண்டு கிழமைகள்தான் இருக்கின்றன. ஆகவே நாளைக்கே பிள்ளையை அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, தழும்பைப் பதிவு செய்வியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கும் நீங்கள் அழைக்கலாம். நீதிமன்றம்வரை போவதா இல்லையா என்பதைப் பிறகு ஆறுதலாக முடிவெடுக்கலாம். பதிவு இல்லாமற்போனால் அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே உங்களுக்கு இராது.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. கேள்வி கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதில்தான் என் மனக்குறை. உங்கள் பாடசாலை மாகாணப் பாடசாலையாக இருந்தால், அதிபருக்கு மேலே மருதங்கேணிக் கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேலே வடமராட்சி வலயக் கல்விப் பணிப்பாளர், பின்னர் வடக்கு மாகாணக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர் என்று ஒரு வரிசை இருக்கிறது. (தேசிய பாடசாலையென்றால் பொறுப்பு மத்திய கல்வி அமைச்சுக்குரியது.) 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 இல் முடிந்த பின்னர் மாகாண நிர்வாகம் ஆளுநரின் கீழேயே நடந்து வந்திருக்கிறது, அதனால் மக்கள் வாக்களித்து அனுப்பிய ஒரு மாகாணக் கல்வி அமைச்சரிடம் சென்று முறையிடும் வழி அடைபட்டுப் போனது. இது உங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சிறிய இழப்பன்று.

இந்த வரிசையில் உள்ளவர்கள் பாடசாலைக்கு வரும்போது பார்ப்பது பெரும்பாலும் பாடக்குறிப்பு, நேரசூசி, கணக்குப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெறுபேறு. க.பொ.த. சாதாரண தரத்தில் எத்தனை வீதம் சித்தி என்று கேட்கிறார்கள். அந்த வீதம் பரீட்சைக்குத் தோற்றியவர்களை வைத்துக் கணிக்கப்படுவது. தரம் 6 இல் ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து, தரம் 11 இல் முப்பது பேர் பரீட்சை எழுதி, இருபத்துநாலு பேர் சித்தியடைந்தால் அதை எண்பது வீதம் என்று மேடையில் அறிவிக்கலாம். சேர்ந்தவர்களில் பாதிப்பேர்கூடச் சித்தியடையவில்லை என்பது எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. இடையில் குறைந்த இருபது பேரில் சிலர் ஊர் மாறிப் போயிருக்கலாம். மற்றவர்கள் யார் என்று பார்த்தால், தோட்டத்துக்கும் கடலுக்கும் போன பிள்ளைகள், தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், ரியூசனுக்குக் கொடுக்கக் காசில்லாத பிள்ளைகள். சித்தி வீதத்தை மட்டும் அளவுகோலாக வைத்து ஓர் அதிபரை நெருக்கினால், வீதத்தைக் குறைக்கக்கூடிய பிள்ளையைக் கழற்றிவிடுவதுதான் அவருக்கு மிகச் சுலபமான வழியாகிறது. உங்கள் அதிபர் கெட்ட மனிதராக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஆசிரியர்கள் வந்து கொஞ்சக் காலத்தில் இடமாற்றம் கேட்டுப் பட்டினத்துப் பக்கம் போய்விடும் ஒரு கரையோரப் பாடசாலையை நடத்திக்கொண்டு, பெறுபேற்றுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பது எளிதன்று. ஆனால் அந்தச் சுமையை ஒரு 14 வயதுப் பிள்ளையின் முதுகில் இறக்கிவைக்க அவருக்கு உரிமையில்லை.

மேற்பார்வை உண்மையில் தொடங்கவேண்டிய இடம் வரவு இடாப்புத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கிழமையில் மூன்று நாள் வராத பிள்ளை இடாப்பில் மாதக்கணக்காகத் தெரிந்துகொண்டே இருக்கிறான். அதைப் பார்த்து ஆசிரியர் வீட்டுக்கு வந்தாரா, கிராம அலுவலருக்கு அறிவித்தார்களா, வரவுக் குழு கூடியதா, வலயத்தின் முறைசாராக் கல்விப் பிரிவுக்குத் தகவல் போனதா என்பவையே ஒரு கல்விப் பணிப்பாளர் கேட்கவேண்டிய கேள்விகள். கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளில் கிராம மட்ட வரவுக் குழுக்களுக்கு இடம் இருக்கிறது. உங்கள் பகுதியில் அந்தக் குழு இயங்குகிறதா என்று விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேளுங்கள். இயங்கவில்லையென்றால் உங்கள் முறைப்பாட்டில் அதையும் ஒரு வரியாகச் சேருங்கள். உங்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பெற்றோருக்கு இதே கதை இருந்தால், 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடந்த ஆண்டுகளில் தரம் 6 இல் சேர்ந்தோர் எத்தனை பேர், அவர்களில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றியோர் எத்தனை பேர் என்று வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவை அறிவிக்கவேண்டும்.

பிள்ளையின் பக்கத்திலும் சரிசெய்ய வேண்டியவை உண்டு, சகோதரி. கரைவலைக்குக் கூப்பிடும் சம்மாட்டியாரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்: வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 முதல் 16 ஆகிவிட்டது, பிள்ளையை இனிமேல் கூப்பிடவேண்டாம் என்று. அவர் ஊரவர், சொன்னால் கேட்பார் என்றே நினைக்கிறேன். அதைவிட முக்கியமானது, அவன் ஏன் போகிறான் என்பது. தாயின் காசு ஒழுங்காக வருகிறதா, வீட்டில் கடன் இருக்கிறதா, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறானா? பாடசாலைச் சத்துணவு பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுவதால், தரம் 9 பிள்ளை வெறும் வயிற்றோடு ஒன்றரை மணிவரை இருந்தால் அவனிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து நிலைமையைச் சொல்லுங்கள். அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கவில்லையென்றால் அதையும் அங்கேயே கேளுங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் ஒருவர் இருப்பார். சண்டை பிடிப்பவன் என்று மட்டுமே எல்லோரும் பார்க்கும் ஒரு பிள்ளையோடு, தகப்பனில்லாமல் தாயையும் காணாமல் வளர்வதைப் பற்றி ஒருவராவது அமர்ந்து பேசியிருக்கவேண்டும். அதைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

முறைப்பாட்டை அதிபருக்கே முதலில் எழுதி, பிரதியில் திகதியோடு கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்; அதே நாளில் கோட்டக் கல்விப் பணிப்பாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் பிரதி அனுப்புங்கள். கோபமான சொற்கள் வேண்டாம். அடித்த திகதி, வைத்தியசாலைக்குப் போன திகதி, அதிபர் விடுகைப் பத்திரத்தைப் பற்றிச் சொன்ன திகதி, நீங்கள் கேட்பது இன்னது என்று எழுதினால் போதும். நீங்கள் தாய் அல்லர் என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் கொடாமல், பாதுகாவலராக உங்களை நியமித்துத் தங்கையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

பிள்ளைக்குக் கரைச்சல் கூடுமா என்ற பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சிறிய ஊரில் அது நியாயமான பயம். ஆனால் எழுத்தில் எதுவுமே இல்லாத பிள்ளையைத்தான் ஓசைப்படாமல் அனுப்பிவிடலாம். மூன்று அலுவலகங்களில் கோப்பு இருக்கும் பிள்ளையின் மேல் கைவைக்க எவரும் யோசிப்பார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவனால் அந்த வகுப்பில் இருக்க முடியாது என்று நீங்களும் அவனும் சேர்ந்து முடிவெடுத்தால் வேறு பாடசாலை பார்ப்பதில் தவறில்லை. அப்போதும், புதிய பாடசாலையின் அதிபர் அனுமதி தருவதாக எழுத்தில் தந்த பின்னரே பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரத்தைக் கேளுங்கள். இடையில் ஒரு நாள்கூட அவனுடைய பெயர் எந்த இடாப்பிலும் இல்லாமல் இருக்கக்கூடாது.