ஈயச்சொம்பின் முனகலும் உங்கள் மகளின் புராஜெக்டும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உலோகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், இறுதியாண்டு புராஜெக்டுக்கு மக்னீசியக் கலவைகளில் இரட்டைப் படிகம் உருவாவதை எடுத்திருக்கிறாள். “கம்ப்யூட்டர் பக்கம் போகாமல் இது என்ன சோறு போடும்?” என்று கேட்கிறீர்கள். அவள் எதைப் பார்க்கப் போகிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் ரசம் வைக்க ஈயச்சொம்பு இருக்கிறதா? அது வெள்ளீயம். தூய வெள்ளீயக் கம்பியைக் காதருகே பிடித்து வளைத்தால் கறகறவென்று முனகும். (சொம்பை வளைத்துப் பார்த்துவிடாதீர்கள், விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது.) உள்ளே இரட்டைப் படிகங்கள் பிறக்கும் சத்தம் அது.

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். வெற்றிலைக் கவுளியைப் பக்கவாட்டில் தள்ளினால் இலைகள் சரிவதுபோல, வளைக்கும்போது ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்கும். அலுமினியத்தில் இப்படி வழுக்கப் பல திசைகள் உண்டு. மக்னீசியத்தின் படிகமோ அறுகோணப் பட்டகம். சாதாரண வெப்பநிலையில் அதன் அடித்தளத்துக்கு இணையான அடுக்குகள்தாம் எளிதில் வழுக்கும். கவுளியை உயரவாக்கில் நீட்ட வேண்டுமென்றால் இலைகளை எவ்வளவு சரித்தும் பலிக்காதல்லவா? அந்த நெருக்கடியில் ஒரு பட்டை அளவுக்கு அணுக்கள் கூட்டாகச் சற்றே நகர்ந்து, மீதிப் படிகத்தின் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடுகின்றன. இதுதான் இரட்டைப் படிகம். அந்தப் பட்டைக்குள் பட்டகத்தின் அச்சு சுமார் 86 பாகை சாய்ந்துவிடும். நின்றிருந்த தூண் ஏறக்குறையப் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வகை இரட்டையாதல் ஒருவழிப் பாதை. அச்சு நீளும்படி விசை விழுந்தால் வரும், அச்சு குறுகும்படி விழுந்தால் வராது. 3 சதவீத அலுமினியமும் 1 சதவீதத் துத்தநாகமும் சேர்ந்த ஏஇசட்31 என்ற கலவையைக் கம்பியாகப் பிதுக்கி எடுத்தால், பட்டகங்களின் அச்சுகள் பெரும்பாலும் கம்பிக்குக் குறுக்காகப் படுத்திருக்கும். அக்கம்பியை நீளவாக்கில் அமுக்கினால், குறுக்கே படுத்த அச்சுகள் நீள வேண்டியிருப்பதால் இரட்டைப் படிகங்கள் பிறந்து, இழுக்கும்போது தாங்கும் விசையில் ஏறக்குறையப் பாதியிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். வண்டியின் பாகத்தை வடிவமைப்பவருக்கு இது பெரிய தலைவலி. ஆனாலும் விட மனம் வராது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், எஃகு சுமார் 7.8 கிராம், மக்னீசியம் வெறும் 1.74 கிராம். அதனால்தான் தகட்டை 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி அழுத்துகிறார்கள், படிக மணிகளைச் சிறிதாக்குகிறார்கள், அருமண் (ரேர் எர்த்) தனிமங்களைச் சேர்க்கிறார்கள்.

இனி சோற்றுக்கு வருவோம். பி.இ. பட்டத்தோடு மட்டும் ‘மக்னீசிய’ வேலை தேடினால் கிடைப்பது அரிது. மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முதல் வேலை வார்ப்பாலையிலோ, வெப்பப் பதனிடும் கூடத்திலோ, வாகன உதிரிபாக ஆலையின் தரக்கட்டுப்பாட்டிலோ அமையலாம். அதில் குறைவொன்றும் இல்லை. ஆராய்ச்சிதான் ஆசை என்றால், பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வுக்கு இப்போதே படிக்கத் தொடங்கட்டும். சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி ஆகியவற்றில் இத்துறையில் மேற்படிப்பு இருக்கிறது. அதன்பின் ஹைதராபாத்தில் பாதுகாப்புத் துறையின் உலோகவியல் ஆய்வகமான டிஎம்ஆர்எல், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களுக்கு முயலலாம்.

கம்ப்யூட்டரும் எங்கும் போய்விடவில்லை. படிகங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புள்ளி புள்ளியாக அளந்து வரைபடமாக்குவார்கள். அந்தத் தரவை அலச நிரல் எழுதத் தெரிய வேண்டும். பைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அவளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த நுண்ணோக்கியில் அவளுக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதத்தில் தருவார்கள்? வழிகாட்டும் பேராசிரியரிடம் இந்த வாரமே பேசட்டும். கிடைக்காது என்று தெரிந்தால் புராஜெக்டைச் சுருக்கிக்கொள்ளலாம். மாதிரியை மெருகேற்றி, அமிலத்தால் லேசாக அரித்துவிட்டுப் பார்த்தால், கல்லூரியில் இருக்கும் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே இரட்டைப் பட்டைகள் தெரியும்.