ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர்களுக்கு ஐஜிஏ ஏன் கூடுகிறது?

ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகு வாதம் இருக்கும் உங்களுக்கு ரத்தத்தில் ஐஜிஏ அதிகம், அது குடல் சமாச்சாரம் என்றார்கள், முதுகுக்கும் குடலுக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நோய்தான். ஆரம்பத்தில் டிஸ்க் என்று சொல்லி ஓய்வெடுக்கச் சொன்னார்கள். படுத்தால் கூடி, நடந்தால் குறையும் வலிக்கு ஓய்வு! சரி, அதை விடுங்கள்.

குடல், மூக்கு, மூச்சுக்குழாய் இவற்றின் ஈரமான உட்சவ்வுக்குக் காவல் நிற்கும் ஆன்டிபாடிதான் ஐஜிஏ. எச்சிலிலும் தாய்ப்பாலிலும் இருக்கும். மற்ற வகைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் உடம்பு தினமும் தயாரிப்பதில் இதுதான் அதிகம். பெரும்பங்கு குடலுக்குள் போகிறது. கிருமியைக் கொல்வதை விட, அதைப் பிடித்துச் சவ்வில் ஒட்டாமல் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை. அதனால்தான் முதுகு நோயாளியின் ரத்தத்தில் ஐஜிஏ கூடியதும் சந்தேகம் குடல் பக்கம் திரும்பியது.

லண்டனில் ஆலன் எப்ரிங்கர் என்ற ஆய்வாளர், கிளெப்சியெல்லா என்ற குடல் பாக்டீரியாவின் ஒரு பகுதி இந்த நோயாளிகள் பெரும்பாலோரிடம் காணப்படும் எச்எல்ஏ-பி27 புரதத்தைப் போல இருக்கிறது, பாக்டீரியாவை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் சொந்த உடம்பையே தாக்குகின்றன என்றார். கேட்க நன்றாக இருந்தாலும், மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. எனக்கு அதைவிட அழுத்தமாகப் படுவது எலிச் சோதனை. மனித பி27 மரபணு ஏற்றிய எலிகள் சாதாரணச் சூழலில் வளர்ந்தால் குடலிலும் மூட்டிலும் அழற்சி வரும். கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்தால் இரண்டும் வருவதில்லை. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இந்த வகை வாத நோயாளிகளின் குடலைப் பரிசோதித்தபோது, வயிற்றுத் தொந்தரவே இல்லாத பலருக்கும் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சி இருந்தது.

அப்போ ஐஜிஏ குற்றவாளியா? என்னைக் கேட்டால், பெரும்பாலும் குடலில் நடப்பதற்குச் சாட்சிதான். நோயின் வேகத்தை சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), காலை விறைப்பு, வலி இவற்றை வைத்துத்தான் பார்க்கிறார்கள்; ஐஜிஏ எண்ணை வைத்து மருந்தை மாற்றுவதில்லை. முதுகுக்கும் குடலுக்கும் உள்ள உறவும் நேர்க்கோடு இல்லை: அழற்சியைத் தூண்டும் ஐஎல்-17 என்ற புரதத்தைத் தடுக்கும் செக்குகினுமாப் என்ற மருந்து முதுகுக்கு நன்றாகக் கேட்கும், குரோன் குடல் நோய்க்கு உதவவில்லை.

அப்புறம் ஒன்று. ஐஜிஏ சில சமயம் சிறுநீரகத்தில் படியும், இந்த நோய் உள்ளவர்களிடமும் அது காணப்படுகிறது. என் வாத மருத்துவர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்தார். சிறுநீரில் ரத்தமும் புரதமும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க எழுதிக் கொடுத்தார். நீங்களும் அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள்.