ரத்தத்தைத் தொடும் வேலை என்று தயங்கும் அம்மாவுக்கு

மகள் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு) சேர ஆசைப்படுகிறாள். மஞ்சள் காமாலைக் கிருமி உள்ள ரத்தத்தையெல்லாம் தொட வேண்டியிருக்குமே என்று நீங்கள் தயங்குகிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் அதற்காகப் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அம்மா.

நீங்கள் பயப்படும் காமாலைக் கிருமிகளில் ஒன்றான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. 0, 1, 6 மாதங்களில் 3 ஊசி. அப்புறம் ஒன்றிரண்டு மாதம் கழித்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ஹெபடைடிஸ் சி வகைக்குத் தடுப்பூசி இல்லை, அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. ஆனால் இன்று 12 வார மாத்திரையில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள். கையுறை போடுவது, பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாமல் இருப்பது இரண்டும் முதல் நாளிலிருந்தே பழக்கமாகிவிட வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, மகளுக்குப் பொறுமை இருக்கிறதா என்பது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று நிறமாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் பரிசோதனைதான் எலைசா. அதன் தட்டில் 96 சின்னக் குழிகள். ஹெபடைடிஸ் பி பார்க்கும்போது, குழியின் உள்ளே பூசியிருக்கும் ஆன்டிபாடியில் (கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) வைரஸின் மேலுறைப் புரதம் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் நொதி சேர்த்த இன்னொரு ஆன்டிபாடி. ஒட்டாததைக் கழுவிவிட்டு நிறம் தரும் திரவத்தை விட்டால் நீலமாகும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். கழுவுவதில் சோம்பினால் நோயில்லாதவரின் குழியும் மஞ்சளாகிவிடும். இன்னொரு பக்கம், தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எலைசாவில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அங்கேதான் வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை கைகொடுக்கும். கர்ப்பிணி ஒருவரின் ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் தவறிப்போனால், பிறந்த குழந்தைக்குச் சீக்கிரமே போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை ஆன்டிபாடி) ஊசி கிடைக்காமலே போய்விடும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். சின்ன லேப்களில் தொடக்கச் சம்பளம் குறைவுதான். எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) வழியாக அரசு வேலைக்கு முயலலாம். மேலே வைராலஜி (வைரஸ் பற்றிய படிப்பு) படித்தால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களை எட்டிப்பார்க்கலாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய் மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் பேசுங்கள். "எலைசா தட்டை உங்கள் கையாலேயே எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வேடிக்கைதான் பார்த்தோம் என்று சொன்னால், அந்தக் கல்லூரி வேண்டாம்.