பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கடலடியில் இருந்து இயற்கையாகவே கசியும்போது, காற்றில் அது கூடியதற்கு மனிதர்களை ஏன் குறை சொல்கிறார்கள்?

வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மைத்துனரும் இதையேதான் கேட்டார். அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அந்த ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

கலிபோர்னியாவில் சான்டா பார்பராவை ஒட்டிய கொலீட்டாவில் நான்கு வருடம் குடியிருந்தோம். பக்கத்திலேயே கோல் ஆயில் பாயின்ட் என்ற கடல்முனை. அந்தக் கடலடியில் இருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கன மீட்டர் வாயு கசிகிறது, பெரும்பகுதி மீத்தேன். ஒருநாள் தெரிந்தவர் படகில் போனோம். எஞ்சினை நிறுத்தியதும் சலசலவென்று சத்தம். உலை கொதிப்பதுபோல் கடல் பொங்குகிறது, கையை விட்டால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. ரோடு போடும் இடத்து வாடை. குமிழ் உடைந்த இடத்திலெல்லாம் வானவில் நிறத்தில் எண்ணெய் வட்டமாக விரிந்தது.

அங்கே ஆழம் 100 மீட்டர்கூட இல்லை. அதனால் ஏறத்தாழ பாதி வாயு கரைவதற்குள் காற்றுக்கு வந்துவிடுகிறது. பல நூறு மீட்டர் ஆழத்தில் கசிந்தால் கதை வேறு. மேலே வரும் வழியிலேயே குமிழில் இருக்கும் மீத்தேன் தண்ணீரில் கரைந்துவிடும், அதை நுண்ணுயிர்கள் தின்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். சேற்றுக்குள்ளேயே பெரும்பகுதியைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களும் உண்டு. காற்றுக்கு வந்து சேர்வது சொற்பம்.

அப்புறம், இந்தக் கசிவு நேற்று வந்ததில்லை. வாயுவோடு ஊறி வரும் தாரை எடுத்துத்தான் அங்கிருந்த சுமாஷ் பழங்குடியினர் பலகைப் படகுகளின் இடுக்கை அடைத்தார்கள். ஆனால் தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடியில் 700 பங்கு அளவில் இருந்த மீத்தேன் இன்று 1,900-ஐத் தாண்டிவிட்டது. காலங்காலமாகக் கசிவதைக் காட்டி இந்த ஏற்றத்துக்கு எப்படிக் கணக்குச் சொல்வது? நிலக்கரிச் சுரங்கம், எரிவாயுக் குழாய், குப்பைமேடு, மாடு, நெல்வயல் எல்லாம் சேர்ந்துதான் ஏற்றின. நெல்லைச் சொன்னதற்காக என்னை விவசாயிகளுக்கு எதிரி என்று எழுதாதீர்கள், நான் தஞ்சாவூர்க்காரி. விஞ்ஞானியும் இல்லை, தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கடற்கரைக்குப் போகிறவர்கள் தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள். என் மகன் குதிகாலில் அப்பிய தார் சோப்புக்கு அசையவில்லை, எண்ணெயைத் தேய்த்ததும் கரைந்து வந்தது. அதற்குள் கம்பளத்தில் நான்கு அடிச்சுவடு. வீட்டைக் காலி செய்தபோது அதைக் காட்டி எங்கள் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கரையில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் காலில் தார் ஒட்டும் என்று தெரியாதா? அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.