மேல் விளிம்பில் மட்டும் வேர் வருவது ஏன்?

கேள்வி: மாடித் தொட்டியில் வளரும் மாதுளையில் விண்பதியம் (கிளையைச் செடியிலிருந்து பிரிக்காமலே வேர்விடச் செய்யும் முறை) போட்டேன். பட்டை உரித்த வளையத்தின் மேல் விளிம்பு தடித்து வேர் விட்டது. கீழ் விளிம்பு அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்டதும், அதில் மேல் எது கீழ் எது என்பதும் செடிக்கு எப்படித் தெரிகிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நரம்பு இல்லாவிட்டாலும் காயச் செய்தி செடிக்குள் விரைந்து பரவுகிறது. நைந்த செல்களிலிருந்து கசியும் குளுட்டமேட், கால்சியம் அலையொன்றைத் தூண்டுகிறது; அது ஓரிரு நிமிடங்களில் தொலைவிலுள்ள இலைகளையும் எட்டுவதை, அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில், ஒளிரும் புரதத்தின் துணையோடு 2018இல் ஆய்வாளர்கள் கண்ணாரக் கண்டார்கள். அதைத் தொடர்ந்து ஜாஸ்மோனிக் அமிலம் என்னும் தற்காப்பு ஹார்மோன் பெருகி, பூச்சிகளை எதிர்க்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

காயத்தை மூடுவது வேறு மரபணுக்களின் பொறுப்பு. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தினர் 2011இல் விவரித்த விண்ட்1 அவற்றுள் முக்கியமானது. வெட்டுவாயில் இது செயல்படத் தொடங்கியதும், முதிர்ந்து ஒரே வேலைக்குப் பழகிவிட்ட செல்கள் மீண்டும் பிளவுறத் தொடங்குகின்றன. நீங்கள் கண்ட தடிப்பு அவ்வாறு உருவாகும் கேலஸ் திசுதான். இந்த மரபணுவை மிகுதியாக இயக்கிய செடிகளில் காயமே படாத இடத்திலும் கேலஸ் தோன்றியது என்பதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

மேல், கீழ் வேறுபாடு ஆக்சினால் வருகிறது. இளந்தளிரில் உருவாகும் இந்த வளரூக்கி கிளையில் கீழ்நோக்கியே கடத்தப்படுகிறது. இலை தயாரிக்கும் சர்க்கரையும் பட்டை வழியாகவே இறங்குகிறது. வளையமாக உரித்ததும் இரண்டும் மேல் விளிம்பில் தேங்க, கீழ் விளிம்புக்கு வரத்து நின்றுவிடுகிறது. (தண்ணீர் உள்ளே கட்டை வழியே ஏறுவதால் கிளை வாடுவதில்லை.) அராபிடாப்சிஸின் பூந்தண்டைப் பாதியளவு வெட்டிப் பார்த்த ஆய்வொன்றில், ஆக்சின் சேர்ந்த மேற்புறத்தில் ஒரு மரபணுவும், அது குறைந்த கீழ்ப்புறத்தில் இன்னொன்றும் இயங்கின. துண்டித்த இலையில் சேரும் ஆக்சின் வாக்ஸ்11 என்ற மரபணுவை இயக்கி, செல்களை வேராகும் பாதையில் திருப்புவதும் அதே செடியில் காட்டப்பட்டுள்ளது.

அடுத்த முறை, உரித்த இடத்தில் வழவழப்பாக இருக்கும் கேம்பியப் படலத்தை (பட்டைக்கும் கட்டைக்கும் இடையே புதுச் செல்களை உருவாக்கும் அடுக்கு)க் கத்தியால் நன்றாகச் சுரண்டிவிடுங்கள். மெல்லிய கீற்று மிஞ்சினாலும் பட்டை மறுபடி இணைந்து, ஆக்சின் கீழே இறங்கிவிடும், வேர் வராது. கடைகளில் வேர் ஊக்கியாகக் கிடைக்கும் இண்டோல் பியூட்ரிக் அமிலமும் ஆக்சின் வகைதான் என்பதால், அதை மேல் விளிம்பில் பூசினாலே போதும். மாடி வெயிலில், வளையத்தைச் சுற்றிக் கட்டிய தென்னை நார்க்கழிவு காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதியத்தைப் பிரிக்கும்போது வளையத்துக்குக் கீழே வெட்டுங்கள்.