ஒரே அறை வீட்டில் காசநோய்: மருந்தை எப்போது நிறுத்தலாம்?

கேள்வி: நாங்கள் வியாசர்பாடியில் இருக்கிறோம். கணவர் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்து இரண்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறார். இருமல் நின்றுவிட்டது. 40 கிலோ இருந்தவர் இப்போது 41. வேலைக்குப் போகாததால் கடன் ஏறுகிறது. “மருந்து போதும், நாளை முதல் வேலைக்குப் போகிறேன்” என்கிறார். ஒரே அறையில் மாமியார், 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். மாமியார் அவருக்குத் தட்டு, தம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டார். பால், முட்டை, பழம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். பணத்துக்கு எங்கே போவது?

பதில்: மருந்தை நிறுத்த வேண்டாம். இருமல் நின்றது பாதிக் கிணறு தாண்டியதற்குத்தான் அடையாளம். வேகமாகப் பெருகும் கிருமிகளை முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் அழிக்கின்றன. பதுங்கிக் கிடப்பவற்றுக்காகத்தான் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். இடையில் விட்டால் நோய் திரும்பலாம், அதுவும் மருந்துக்கு அடங்காத நோயாக. அதற்கான சிகிச்சை இன்னும் கடினம். இழக்கும் கூலியும் கூடும்.

இந்த வீட்டில் இருந்துகொண்டு குணமாக முடியுமா என்ற பயமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இதற்குப் பதில் சொன்ன ஊரே நம் ஊர்தான். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய நிறுவனம்) நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) சேர்த்தது; மற்றவர்களுக்கு நெரிசலான அவர்கள் வீட்டிலேயே மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன, வீட்டில் இரண்டும் குறைவு. ஆனால் 1959இல் வெளியான முடிவில், குணமானவர்களின் அளவு இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பெரும்பாலும் பரவுவது அதற்கு முந்திய மாதங்களில், ஒரு நாள் கூலி போகுமே என்று டாக்டரிடம் போகாமல் மருந்துக்கடைச் சிரப்பில் காலம் தள்ளும்போதுதான்.

அதனால் தட்டையும் தம்ளரையும் பழையபடி ஒன்றாக வையுங்கள். காசநோய் காற்றில் வருவது, பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வராது. மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம், தட்டைப் பிரிப்பதை விடச் சன்னலைத் திறப்பது உதவும் என்று சொல்லுங்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகைக்கும் கொசுவுக்கும் பயந்து உங்கள் பக்கத்தில் சன்னலை நிரந்தரமாக அடைத்துவிடுகிறார்கள். கொசுவலை அடித்துவிட்டு, புகை இல்லாத நேரத்தில் திறந்து வைக்கலாம்.

சானடோரியச் சாப்பாடு இல்லாமலே வீட்டில் குணமானார்கள் என்றால், சாப்பாடு முக்கியமில்லையா? இங்கேதான் உங்கள் 41 கிலோ எனக்குக் கவலை தருகிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வில், நோயாளிகள் எல்லோருக்கும், அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டாருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் கணவருக்கு அது 2 கிலோ, கூடியதோ ஒன்றுதான். அதே ஆய்வில், அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கிடைத்த வீட்டாரிடம் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பசித்த உடம்பில் கிருமி எளிதில் எழும். கூலி நின்றால் அடுப்பு அடங்கும், அடுப்பு அடங்கினால் வீட்டில் அடுத்தவருக்கு இருமல் வரும். சீட்டில் ‘சத்தான உணவு’ என்று எழுதித் தரும் எங்களைப் போன்ற மருத்துவர்கள், நோயாளி அதை எதைக் கொண்டு வாங்குவார் என்று கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்காமல்தான் எழுதினேன்.

பணத்துக்கு முதல் வழி, காசநோயாளிக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை. 2024 நவம்பர் முதல் அது மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் வரவில்லை என்றால், ஆதார் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மருந்து தரும் மையத்திலேயே கேளுங்கள். பால், பழம் என்று மயங்க வேண்டாம். ஒரு தம்ளர் பாலில் உள்ள புரதம் ஒரு பிடி வேர்க்கடலையிலும் உண்டு. ரேஷன் துவரம் பருப்பு, பொட்டுக்கடலை மாவுக் கஞ்சி, மீல் மேக்கர், விலை இறங்கும் நாளில் காசிமேட்டு மத்தி, நெத்திலி இவையே போதும். பெரிய பிள்ளைக்கு மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவும் மதியம் முட்டையும், சின்னதற்கு அங்கன்வாடியில் சாப்பாடும் கிடைத்தால், வீட்டில் வாங்கும் முட்டை அவருக்குத் தயங்காமல் போகட்டும்.

வேலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் மாத முடிவில் செய்யும் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்து, மருத்துவரும் சம்மதித்தால், மூட்டை எண்ணுவது, கணக்கு எழுதுவது போன்ற வேலையை மேஸ்திரியிடம் கேட்கலாம். மூட்டை தூக்குவதற்கு எடை ஏற வேண்டும். மாத்திரை வாங்க அவரே போய்க் கூலியை விடத் தேவையில்லை, நீங்கள் வாங்கலாமா என்று மையத்தில் கேளுங்கள். மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு மாதமும் எடை பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்ப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும்.

4 வயதுப் பிள்ளையை இந்த வாரமே அழைத்துப் போங்கள். நோய் இல்லை என்று உறுதியானால் தடுப்பு மருந்தை இலவசமாகவே தருவார்கள். பெரிய பிள்ளை, மாமியார், நீங்கள் மூவரும் கூடவே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உடல் வலிக்கு என்று அவர் இரவில் குடிப்பவரானால், இந்த ஆறு மாதம் அது கூடாது. மருந்தும் மதுவும் சேர்ந்து ஈரலைத் தாக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மருந்தின் சாயம், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.